மரினின் முழங்கால்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக் மகளிர் பேட்மின்டன் அரையிறுதியில், முதல் செட்டை 21-14 என்று வென்று, இரண்டாவதிலும் 10-6 என்று முந்தி நின்ற ஸ்பெயின் வீராங்கனை கரோலினா மரின், வலது முழங்கால் மடங்கித் தரையில் சரிந்ததையும், காலில் பட்டை கட்டிக்கொண்டு எழுந்து நின்று, இரண்டு புள்ளிகளுக்குமேல் இயலாமல் அழுதபடியே விலகியதையும் கண்டு கலங்காதவர் இருந்திருக்க முடியாது. அவரை எதிர்த்தாடிய சீனாவின் ஹி பிங்ஜியாவோவே பின்னர்ப் பதக்க மேடையில் ஸ்பெயினின் சின்னத்தைக் கையில் ஏந்தி நின்றார். 2019 ஜனவரியில், ஜகார்த்தாவில் இந்திய வீராங்கனை சாய்னாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் 10-4 என்று முந்தியிருந்தபோது ஜவ்வு கிழிந்ததும் அதே வலக்காலில்தான். 2021-ல், டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கையில், இடக்காலுக்கும் அக்கதி நேர்ந்தது.

ஆண்டுக்கணக்காகத் தொடைகளுக்கு வலுவேற்றிய ஒருவருக்கு இப்படி நேருமா என்று ரசிகர்கள் கேட்பது நியாயமே. தொடையின் முன்புறத்திலுள்ள நான்கு தசைகளும் ஒன்றுகூடி, முழங்கால் சில்லைப் பற்றிக்கொண்டு, கீழ்க்கால் எலும்பில் சென்று முடிகின்றன. குதித்து இறங்குகையில் முழங்கால் சட்டென்று மடியாமல் தடுத்து, சரீர பாரம் முழுவதும் குருத்தெலும்பின்மீது இறங்காதவாறு பெரும்பங்கைத் தாமே ஏற்பது அவற்றின் பிரதான தொழில். வயதானவர்களிடம் இத்தசைகள் நலிவது மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு காரணமாகக் கருதப்படுவதும் இதனால்தான். ஆனால் ஜவ்வின் விஷயம் சற்று வேறு. கால் ஏறக்குறைய நீண்டிருக்கும் நிலையில் முன்தசைகள் மட்டும் வலிந்து இழுத்தால், கீழ்க்கால் எலும்பு முன்னே நகர முற்பட்டு, மூட்டினுள்ளிருக்கும் சிலுவை ஜவ்வின்மீதே இழுவிசை ஏறுகிறது. அவ்வெலும்பைப் பின்னிழுத்துப் பிடிப்பவை பின்தொடைத் தசைகள். பருத்த முன்தொடையை மட்டும் கண்டு மூட்டு பத்திரம் என்று எண்ணுவது தவறு என்பதே என் திடமான அபிப்பிராயம். பேட்மின்டனில், பேக்ஹேண்ட் பக்கப் பின்மூலையில் தலைக்குமேல் அடித்துவிட்டு இறங்கும்போது, மட்டை பிடிக்காத பக்கத்துக் காலொன்றே பாரமனைத்தையும் தாங்க நேரும். மரின் இடக்கையாளராதலின் அவருக்கு அது வலக்கால்.

அறுவை சிகிச்சைக்குப்பின் தொடை சில வாரங்களிலேயே மெலிந்துவிடுகிறது. படுக்கையில் கிடப்பது மட்டும் இதற்குக் காரணமன்று. வீங்கிய மூட்டிலிருந்து செல்லும் நரம்புச் செய்தி, தசையை முழுமையாகச் சுருங்கவிடாமல் தடுக்கிறது. பிசியோதெரபிஸ்ட் சில்லுக்கு மேலே சில அங்குலத்தில் டேப்பைச் சுற்றி இரு தொடைகளையும் அளக்கிறார். ஆயினும் டேப் கொழுப்பையும் சேர்த்தே அளக்கிறது, தசையின் சக்தியையோ அது விழிக்கும் வேகத்தையோ அது அறியாது. ஆகவே, இயந்திரத்தில் காலை உதைக்கச் செய்து, காயம்பட்ட காலின் வலு மற்றக் காலின் வலுவில் 90 சதவீதமாவது எட்டியபின் களமிறக்குவது வழக்கம்.

இரண்டு முழங்கால்களும் அடிபட்டவருக்கோ அந்த மற்றக் காலும் சிகிச்சை கண்ட கால். இரண்டும் ஒருசேர வலுவிழந்திருந்தாலும் கணக்கு 90-ஐக் காட்டிவிடும். அத்தகைய ஆட்டக்காரருக்கு நம்பத்தகுந்த அளவுகோல், காயத்துக்கு முன் அவருடைய சொந்தத் தொடைகளிலிருந்து எடுத்த அளவு ஒன்றே. நம் அகாடமிகளில் சேரும் சிறுவர் சிறுமியர் வளர வளர, ஆண்டுதோறும் இரு தொடைகளின் முன்வலுவையும் பின்வலுவையும் அளந்து குறித்து வைக்கும் ஏற்பாடு உடனே தொடங்கப்பட வேண்டும்.