மெய்நிகர் மீன்தொட்டித் திரைக்காப்புகள்: ஒரு மதிப்பீடு

மெய்நிகர் மீன்தொட்டி என்பது கணினித் திரையில் மீன்கள் நீந்துவதுபோல் காட்டும் மென்பொருள். கணினியைச் சற்று நேரம் தொடாமல் விட்டால் தானாக இயங்கும் திரைக்காப்பாக, அதாவது ஸ்கிரீன்சேவராக, இது பெரிதும் பரவியது. 1990களிலும் 2000களிலும் வீட்டுக் கணினி வைத்திருந்தோர் பலருக்கு இது பழக்கமான காட்சி. பலரும் இதை அலங்காரம் என்றே எடுத்துக்கொண்டனர். ஆனால் கடலைப் பார்த்திராத ஒரு மாணவருக்குக் கடலடி பற்றிய முதல் எண்ணத்தை இதுவே தந்துவிடக்கூடும். ஆகவே இது எதைச் சரியாகக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

தோற்றம்

பழைய படக்குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் அசையாமல் நின்றால், உட்புறத்தில் உள்ள பாஸ்பர் பூச்சு சீரின்றித் தேய்ந்து, அப்படத்தின் தழும்பு நிலைத்துவிடும். இதைத் தவிர்க்க அசையும் படங்கள் தேவைப்பட்டன. ஓயாமல் இடம் மாறும் மீன் இதற்குப் பொருத்தமாக அமைந்தது. பெர்க்லி சிஸ்டம்ஸ் நிறுவனம் 1989இல் மாக்கின்டோஷ் கணினிக்கு வெளியிட்ட 'ஆஃப்டர் டார்க்' தொகுப்பு சிறகு முளைத்த ரொட்டி வாட்டும் கருவிகளுக்காகப் புகழ்பெற்றது. அத்தொகுப்பில் மீன்கள் நீந்தும் காட்சியும் இடம்பெற்றது.

மூன்று அணுகுமுறைகள்

இவ்வகை மென்பொருள்களில் மூன்று வேறுபட்ட நோக்கங்களைக் காணலாம்.

முதலாவது, அழகை முதன்மையாகக் கொண்டது. 'டிஃபெண்டர் ஆஃப் தி கிரவுன்' (1986) என்ற கணினி விளையாட்டுக்குப் படம் வரைந்து பெயர்பெற்ற ஓவியர் ஜிம் சாக்ஸ் உருவாக்கிய 'செரீன்ஸ்கிரீன் மரீன் அக்வேரியம்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் விற்ற 'பிளஸ்!' தொகுப்பில் இதன் ஒரு வடிவம் சேர்க்கப்பட்டது. மீன் திரும்பும்போது உடல் வளைவதும், துடுப்புகள் தனித்தனியாக அசைவதும், ஒளி நீரில் அலைவதும் இதில் கூர்ந்த கவனிப்போடு வரையப்பட்டுள்ளன.

இரண்டாவது, அறிவியலை முதன்மையாகக் கொண்டது. டெட்ரிஸ் விளையாட்டை உருவாக்கிய அலெக்சி பஜித்னோவ், விளாதிமிர் பொகில்கோவுடன் இணைந்து வடிவமைத்த 'எல்-ஃபிஷ்' 1993இல் வெளிவந்தது. இதில் இரண்டு மீன்களைக் கலந்து புதிய மீனைப் பெறலாம்; ஒரு மீனில் சிறு மாற்றங்களைத் தூண்டி அதைப் படிப்படியாக உருமாற்றலாம். மரபுப் பண்புகள் கலப்பதையும் தேர்வின் வழியே வடிவம் மாறுவதையும் விளையாட்டாகவே உணர்த்தியது இதன் சிறப்பு.

மூன்றாவது, பராமரிப்பை முதன்மையாகக் கொண்டது. பாப்கேப் நிறுவனத்தின் 'இன்சேனிக்வேரியம்' விளையாட்டில் இரை போடாவிட்டால் மீன் செத்துப்போகும். வேடிக்கையாகச் செய்யப்பட்டதுதான். ஆனாலும் மீனுக்குப் பசிக்கும் என்பதை இது மறைக்கவில்லை.

இம்மூன்றில் மிகுதியாகப் பரவியது முதல் வகையே. மிகக் குறைவாகக் கற்பிப்பதும் அதுவே.

திரை காட்டாதவை

உண்மையான மீன்தொட்டியின் அடிப்படை மீன் அல்ல, தண்ணீர். மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. புதிய தொட்டியில் இச்சுழற்சி நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மீன்களை நிறைப்பவர் அவற்றைச் சாகக் கொடுக்க நேரும். திரைத்தொட்டியில் இந்தக் காத்திருப்பு இல்லை.

மீனின் வாழ்க்கை வரலாறும் அங்கு இல்லை. கோமாளி மீன் கடல் சாமந்தியோடு சேர்ந்து வாழ்வது. கூட்டத்தில் உள்ள பெண் மீன் இறந்தால் ஆண் மீன் பெண்ணாக மாறும். சில தேவதை மீன்களின் குஞ்சுகள் வளர்ந்த மீன்களிலிருந்து முற்றிலும் வேறான கோலம் கொண்டவை. அழகை மட்டும் காட்டும் மென்பொருளில் எந்த மீனும் வளர்வதில்லை, இணை சேர்வதில்லை, மூப்படைவதில்லை. எல்லாம் என்றும் ஒரே பருவத்தில் நீந்திக்கொண்டிருக்கின்றன.

மலையிலிருந்து பார்க்கையில்

பழனி மலைத்தொடர் அமைந்துள்ள திண்டுக்கல் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலின் குளிரில் வெப்பமண்டல மீன்களை வளர்க்க, நீரின் வெப்பத்தை 25 பாகை செல்சியஸ் அளவில் காக்கும் சூடேற்றி வேண்டும். குளிர்கால இரவில் மின்சாரம் நெடுநேரம் நின்றால் மீன்கள் பிழைப்பது அரிது. இத்தகைய ஊரில் திரைத்தொட்டியைப் போலி என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது.

அதோடு, இயற்கைக்கும் செயற்கைக்கும் இடையிலான கோடும் அங்கு தெளிவாக இல்லை. கொடைக்கானல் ஏரியே 1863இல் வெர் லெவிஞ்ச் முயற்சியால் அணை கட்டி உருவாக்கப்பட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்கள் அதில் வாழ்கின்றன. ஆனால் அந்த ஏரியில் பாசி படரும், நீர் மட்டம் மாறும், கரையில் செய்யும் தவறு நீரில் தெரியும். செண்பகனூர் அருங்காட்சியகத்தில் உள்ள பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் உயிரற்றவையே. ஆயினும் ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் வாழ்ந்த ஓர் உயிரின் உடல். திரை மீனுக்கு இந்த இரண்டு தொடர்பும் இல்லை.

மென்பொருளுக்குச் சார்பாக

ஒரு வலுவான வாதம் இம்மென்பொருளின் பக்கம் உள்ளது. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் வளர்க்கப்படாமல் பவளத்திட்டுகளிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடல்களில் மீனை மயக்கிப் பிடிக்கச் சயனைடு பயன்படுத்தப்பட்டது. அது பவளங்களையும் அழித்தது. இந்தியாவில் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்றுள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகள் 1986இலேயே தேசியப் பூங்காவாகின. அந்த அழகை வீட்டுக்குள் கொண்டுவர விரும்புபவருக்குத் திரைத்தொட்டி யாருக்கும் தீங்கு செய்யாத வழி.

கவனிக்க வேண்டியவை

திரைக்காப்பு மின்சாரத்தைச் சேமிக்கும் என்பது தவறான நம்பிக்கை. முப்பரிமாண மீன்காட்சி கணினிக்குக் கூடுதல் வேலையே தருகிறது. சேமிக்க வேண்டுமானால் திரையை அணைக்க வேண்டும். விண்டோஸில் திரைக்காப்புக் கோப்பு என்பது ஒரு முழு நிரலே. இலவசம் என்று கிடைப்பதையெல்லாம் நிறுவினால் நச்சுநிரல்களும் உடன் நுழையலாம்.

மதிப்பீடு

செரீன்ஸ்கிரீன் போன்றவை ஓவியமாக மதிக்கத்தக்கவை; மீனைப் பற்றிய பாடமாக அல்ல. கல்விப் பயன் கருதினால், முப்பது ஆண்டு பழமையானதாயினும், எல்-ஃபிஷின் நோக்கமே உயர்ந்தது. தமிழ் மாணவர்களுக்கென இன்று ஒரு மெய்நிகர் மீன்தொட்டி செய்யப்படுமானால், அதில் நீந்த வேண்டியவை தொலைகடல் மீன்கள் மட்டுமல்ல. அயிரை, கெண்டை, விரால், கெளுத்தி ஆகியவையும் நீந்த வேண்டும். அவற்றுக்குப் பசி இருக்க வேண்டும். நீர் கெட வேண்டும். அதைச் சரிசெய்யும் பொறுப்பு பார்ப்பவரிடம் இருக்க வேண்டும். அதுவரை, இருக்கும் மென்பொருளையே ஆசிரியர்கள் வகுப்பில் வேறுவிதமாகப் பயன்படுத்தலாம். திரையை ஐந்து நிமிடம் காட்டி, உண்மையான குளத்தில் இருந்து இதில் இல்லாதவை எவை என்று மாணவர்களைப் பட்டியலிடச் சொல்லலாம். அந்தப் பட்டியலிலிருந்தே உயிரியல் பாடத்தைத் தொடங்கலாம்.