பிரஷர் மெஷின்: கையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

பிரஷர் மெஷின் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வீட்டிலிருக்கும் தையல் நாடாவைத் தேடி எடுக்க வேண்டும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் மேல்கையின் சுற்றளவை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புளூடூத் உண்டா, திரை பெரிதா, எத்தனை அளவுகளைச் சேமித்து வைக்கும் என்பதையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தோ பாயோ சென்ட்ரலில் மருந்துக்கடைக்குள் நுழைந்தால் இந்தக் கருவிகளுக்கென்றே தனி அலமாரி இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் முஸ்தஃபா சென்டருக்குப் போனால் தேர்ந்தெடுக்கவே நேரம் போய்விடும். இத்தனை விற்பனைக்குக் காரணம் உண்டு. தேசிய மக்கள்தொகை சுகாதார ஆய்வின்படி, 2021-2022ல் 18 முதல் 74 வயது வரையிலான சிங்கப்பூர்வாசிகளில் 37 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். 1960களில் எழுந்த பழைய வட்டாரமான தோ பாயோவில் மூத்தோர் அதிகம். டாக்டர்களும் இப்போது "வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொண்டு வாங்க" என்கிறார்கள். மருந்தகத்தில் பதற்றத்தால் ஏறும் பிரஷரும், அங்கே அடங்கியிருந்து வீட்டில் ஏறும் பிரஷரும் வீட்டு அளவில்தான் பிடிபடும்.

இந்த விமர்சனத்துக்காகத் தோ பாயோ லோரோங் 8ல் அம்மாவின் வீட்டில் மூன்று வகைக் கருவிகளைப் பயன்படுத்திப் பார்த்தேன். ஆம்ரான் நிறுவனத்தின் எச்இஎம் 7156டி என்ற மேல்கைக் கருவி, மணிக்கட்டில் கட்டும் விலை குறைந்த கருவி ஒன்று, பிரஷர் சொல்லும் கைக்கடிகாரம் ஒன்று. இவற்றின் முடிவுகளுக்குப் போகுமுன் இவை எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். குறை எங்கே நுழைகிறது என்பது அதில்தான் இருக்கிறது.

பாதரசக் கருவியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஓசையைக் கேட்பார். 1905ல் ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் கொரோட்கோவ் கண்டு சொன்ன ஓசை அது. இன்றைய வீட்டுத் தானியங்கிக் கருவிகளில் பெரும்பாலானவை ஓசையைக் கேட்பதில்லை. பட்டையில் காற்று இறங்கும்போது ரத்தக் குழாயின் துடிப்பு அந்தக் காற்றில் சிற்றதிர்வுகளை எழுப்புகிறது. அதிர்வு உச்சத்தைத் தொடும்போது பட்டையில் இருக்கும் அழுத்தம்தான் ஏறத்தாழ நம் சராசரி ரத்த அழுத்தம். கருவி ஓரளவு நேரடியாக அறிவது அந்த ஒன்றைத்தான். நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளும் மேல் எண்ணும் கீழ் எண்ணும் அதிர்வுகளின் ஏற்ற இறக்கத்திலிருந்து கணக்கிட்டுச் சொல்லப்படுபவை. அந்தக் கணக்குமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை அவர்கள் வெளியிடுவதும் இல்லை. ஒரே கையில் இரண்டு நிறுவனங்களின் கருவிகள் வெவ்வேறு எண்களைக் காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் 'துல்லியம்: ±3 மி.மீ. பாதரசம்' என்று ஒரு வரி இருக்கும். உங்கள் ரத்த அழுத்தத்தை மூன்று புள்ளிக்குள் சரியாகச் சொல்லும் என்ற உறுதி என்றுதான் வாங்குகிறவர்கள் அதைப் படிக்கிறார்கள். அந்த வரி பேசுவது பட்டைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் உணரியைப் பற்றி மட்டுமே. ஒரு மனிதரின் கையில் கட்டியபின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் எவ்வளவு சரியாக வருகின்றன என்பதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. 2018ல் வந்த ஐஎஸ்ஓ 81060-2 தரநிலைப்படி, குறைந்தது 85 பேரிடம், பயிற்சி பெற்ற இருவர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டு எடுத்த அளவோடு கருவியின் அளவை ஒப்பிட வேண்டும். சராசரி வித்தியாசம் 5 புள்ளிக்குள்ளும், வித்தியாசங்களின் சிதறல் 8 புள்ளிக்குள்ளும் இருந்தால் தேர்ச்சி. தேறிய மாடல்களின் பட்டியலை ஸ்ட்ரைட் பிபி என்ற அமைப்பு இணையத்தில் வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் மருத்துவக் கருவிகளைப் பதிவு செய்வது சுகாதார அறிவியல் ஆணையம். அந்தப் பதிவையும் பாருங்கள், பெட்டியில் உள்ள மாடல் எண்ணைப் பட்டியலிலும் தேடுங்கள். நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பது மட்டும் போதாது, எண் பொருந்த வேண்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சிதறல் 8 வரை போகலாம் என்றால், பலரைச் சேர்த்துப் பார்க்கையில் தேறிய கருவிகூட ஒருவர் கையில் பத்துப் புள்ளி தள்ளிக் காட்ட இடமுண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

அம்மாவின் மேல்கைச் சுற்றளவு 35 செ.மீ. விலை குறைந்த பல மாடல்களோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரை உள்ள கைக்குத்தான். இழுத்துக் கட்டினால் ஒட்டிக்கொள்ளும், கருவியும் முணுமுணுக்காமல் ஓர் எண்ணைக் காட்டிவிடும். அந்த எண் எவ்வளவு தவறாக இருக்கும்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 195 பேரிடம் சோதித்து 2023ல் வெளியிட்டார்கள். பெரிய பட்டை வேண்டிய கையில் வழக்கமான பட்டையைக் கட்டினால் மேல் எண் சராசரியாக 4.8 புள்ளி கூடுகிறது. மிகப் பெரிய பட்டை வேண்டிய கையில் 19.5 புள்ளி. சிறிய பட்டை வேண்டிய மெலிந்த கையிலோ 3.6 புள்ளி குறைகிறது. இருபது புள்ளி என்பது தேவையில்லாத மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வைக்கப் போதுமான பிழை. விளம்பரங்களில் எதெதற்கோ பெரிய எழுத்து கிடைக்கிறது. பட்டையின் அளவு மட்டும் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் நிற்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

7156டியோடு வரும் பட்டை 22 முதல் 42 செ.மீ. வரை ஏற்கும். வளைத்து வார்த்த விறைப்பான பட்டை. ஒற்றைக் கையால் நுழைத்து இழுத்து ஒட்டிவிட முடிகிறது. மூட்டுவலியால் விரல் மடங்காத அம்மாவுக்கு இது பெரிய உதவி. குழாய் முழங்கையின் உட்பக்கம் சரியாக வர வேண்டும் என்ற கவலையும் குறைவு, சுற்றிலும் எங்கிருந்தாலும் அளக்கும்படி பட்டை செய்யப்பட்டிருக்கிறது. தளர்வாகக் கட்டினால் திரையில் குறி காட்டுகிறது. அளக்கும்போது கையை அசைத்தாலும் ஒரு குறி. இவைதாம் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தானியங்கிக் கருவிகள் கண்ட உண்மையான முன்னேற்றம் என்பேன். எண்ணைக் கணக்கிடும் முறையைவிட, எண்ணைக் கெடுக்கும் சூழ்நிலையைக் கவனிக்கக் கற்றுக்கொண்டதில்தான் பயன் கிடைத்திருக்கிறது. ரவிக்கையின் கை இறுக்கமாக இருந்தால் அதைச் சுருட்டி மேலே ஏற்றாமல் கையை வெளியே எடுத்துவிட்டுக் கட்டுங்கள். சுருட்டிய துணி தானே ஒரு கட்டுப்போல் நாளத்தை அழுத்தும். இதை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது.

மடியில் கை இருப்பதையும் இந்தக் கருவி கண்டுபிடிக்காது. அம்மா வழக்கமாகச் சோபாவில் சாய்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியைப் பார்த்தபடியே பொத்தானை அமுக்குவார். சாப்பாட்டு மேசைக்கு அழைத்துவந்து, முதுகு சாய்ந்த நாற்காலியில் உட்காரவைத்து, பட்டை இதயத்தின் உயரத்துக்கு வரும்படி கைக்குக் கீழே ஒரு மடித்த துண்டை வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். மேல் எண் தெளிவாகக் குறைந்தது. "மெஷின் பொய் சொல்லுதா, நான் பொய் சொல்றேனா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. பட்டை இதயத்துக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ முக்கால் புள்ளி கூடும், அது ரத்தத்தின் எடை செய்கிற வேலை. 2024ல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் 133 பேரிடம் பார்த்ததில், கையை மடியில் வைத்தால் மேல் எண் சராசரியாக 3.9 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 புள்ளியும் கூடியது. சில மணிக்கட்டுக் கருவிகளில் உயரத்தைக் காட்டும் உணரி உண்டு. மேல்கைக் கருவிகளில் அது இருப்பது அரிது. கைபேசியில் சாதாரணமாகிவிட்ட அசைவு உணரியை இங்கே சேர்த்து, 'கையை மேசைமேல் வையுங்கள்' என்று சொல்ல வைத்தால் எத்தனையோ வீடுகளில் பிழை குறையும்.

மணிக்கட்டுக் கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கையைச் சற்று இறக்கினாலும் ஏற்றினாலும் எண் ஓடியது. மேல்கையில் எந்தப் பட்டையும் பொருந்தாதவர்களுக்கு மட்டும், டாக்டர் சொன்னால், இதை வாங்கலாம்.

கைக்கடிகாரங்கள் வேறு கதை. ஆம்ரானின் ஹார்ட்கைடு போன்ற ஒரு சிலவற்றில் வாரிலேயே காற்றுப்பை உண்டு. மற்றவை தோலுக்கு அடியில் ரத்த ஓட்டத்தை ஒளியால் பார்த்து அழுத்தத்தை ஊகிக்கின்றன. இவற்றில் சிலவற்றை 28 நாளுக்கு ஒருமுறை மேல்கைக் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தியாக வேண்டும். அதாவது கடிகாரம் வாங்கினாலும் மெஷின் வேண்டும். நான் கட்டிப் பார்த்த கடிகாரம், ஒப்பிட்ட நாளின் எண்ணுக்கு அருகிலேயே தங்கிவிட விரும்புவதாகத் தெரிந்தது. பட்டை இல்லாத கருவிகளைக் கொண்டு நோயைக் கண்டறிவதோ மருந்தைக் கூட்டிக் குறைப்பதோ வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2022ல் சொன்னதை நான் ஏற்கிறேன். ஆனால் இந்தக் கனவைத் தள்ளிவிட மனம் வரவில்லை, ஏனென்றால் அதில் சிங்கப்பூரின் பங்கும் இருக்கிறது. இங்குள்ள மருத்துவர் டிங் சூன் மெங் தொடங்கிய ஹெல்த்ஸ்டாட்ஸ் நிறுவனம், மணிக்கட்டு நாளத்தின் மீது அமரும் சிறு உணரி வழியே இரவும் பகலும் அழுத்தத்தைத் தொடர்ந்து பதியும் பிபுரோ என்ற கடிகாரத்தை உருவாக்கியது. 2011ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, இதயத்துக்கு அருகே பெருந்தமனியில் இருக்கும் அழுத்தத்தை மணிக்கட்டிலிருந்து கணக்கிடும் முறையையும் வெளியிட்டது. தூக்கத்தில் ஏறும் பிரஷரை, ஆளை எழுப்பாமல் அளக்க ஒரு நாள் வழி பிறந்தால் அது இந்தப் பாதையில்தான் பிறக்கும்.

புளூடூத் வீண் ஆடம்பரம் என்று எண்ணியிருந்தவர்கள் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம். தாளில் எழுதும்போது கூடுதலாக வந்த எண்ணை விட்டுவிட்டு நல்ல எண்ணை மட்டும் எழுதுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. செயலிக்குப் போகும் எண் அப்படி மறைவதில்லை. பலதுறை மருந்தகங்கள் நடத்தும் வீட்டு ரத்த அழுத்தக் கண்காணிப்புத் திட்டத்தில் கருவி எடுக்கும் அளவு கைபேசி வழியே பராமரிப்புக் குழுவுக்குப் போகிறது. அளவு கவலைக்குரியதாக இருந்தால் தாதி தொடர்புகொள்கிறார். ஆனால் அம்மா தலைமுறையில் பலருக்குச் செயலியின் ஆங்கிலம் தடையாக நிற்கிறது. நான் பார்த்த மூன்றில் எதிலும் தமிழ்க் குரல் இல்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில் "பேசாமல் உட்காருங்கள், பட்டை தளர்வாக இருக்கிறது" என்று தமிழில் சொல்லும் கருவியைக் கேட்பது அதிகப்படியான ஆசை இல்லை.

இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துடிப்புக்குத் துடிப்பு அதிர்வு மாறுவதால் கருவியின் கணக்கு தடுமாறும். அவர்கள் மூன்று முறை அளந்து சராசரி பார்ப்பது நல்லது. மற்றவர்களுக்கும் ஓர் எண்ணை நம்பி முடிவெடுப்பது சரியில்லை. காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு, மாலையில் இரண்டு, ஒரு நிமிட இடைவெளியில், ஒரு வாரம். கோப்பி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டு அளவில் 135/85 என்பது உயர் ரத்த அழுத்தத்தின் எல்லை.

என் தீர்ப்பு: உங்கள் கைக்குப் பொருந்தும் பட்டையோடு, பட்டியலில் பெயருள்ள மேல்கைக் கருவியை வாங்குங்கள். அம்மா வீட்டில் 7156டி தங்கிவிட்டது. வாங்கியதும் இரண்டு கையிலும் அளந்து, கூடுதலாகக் காட்டும் கையையே எப்போதும் பயன்படுத்துங்கள். பட்டை பழுதானால் அதே நிறுவனத்தின், அதே மாடலுக்கான பட்டையையே வாங்குங்கள். பட்டையும் கணக்கும் சேர்ந்துதான் சோதனையில் தேறியவை.

பத்துப் புள்ளி தள்ளிக் காட்டும் கையா உங்களுடையது என்பதை அறிய ஒரே வழி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். அடுத்த முறை லோரோங் 8ல் வைரவிமட காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போகும்போது, வீட்டுக் கருவியைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். தாதி அளந்த அதே கையில், சில நிமிடம் விட்டு, அவர் முன்னிலையிலேயே அளந்து, வித்தியாசத்தை உங்கள் பதிவேட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள்.