ஒருவழிக் கையெழுத்து

2024 ஆகஸ்ட்டில் எலாஸ்டிக்சர்ச் தேடல் மென்பொருளும் 2025 மே மாதம் ரெடிஸ் தரவுத்தளமும் ஏஜிபிஎல் உரிமத்தைச் சேர்த்துக்கொண்டதும், கட்டற்ற மென்பொருள் வென்றுவிட்டதாகப் பலர் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை.

முன்பு திறந்த உரிமத்தைக் கைவிட்ட இந்நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. எலாஸ்டிக்சர்ச்சை உருவாக்கிய எலாஸ்டிக் நிறுவனம் சம்பளம் கொடுத்து வளர்த்த நிரலை அமேசான் 2015 முதல் மேகச் சேவையாக விற்றது. இணையம் வழியாகச் சேவை தருபவரும் தான் செய்த மாற்றங்களைப் பயனர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும் என்கிற ஏஜிபிஎல் நல்ல உரிமம்தான்.

ஆனால் வெளியிலிருந்து திருத்தம் அனுப்புகிறவரிடம் இந்நிறுவனங்கள் முதலில் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்குகின்றன. பதிப்புரிமை எழுதியவர் பெயரிலேயே இருக்கும். அந்த நிரலை விரும்பிய உரிமத்தில் வெளியிடும் அதிகாரமோ நிறுவனத்துக்குப் போய்விடும். டெராஃபார்ம் என்ற மென்பொருளின் விஷயத்தில் நடந்தது இதுதான். அது 2014 முதல் எம்பிஎல் உரிமத்தில் வந்தது. அந்த உரிமத்தின்படி, ஒரு கோப்பைத் திருத்தி விநியோகிப்பவர் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். அதை நம்பி எத்தனையோ பேர் கூலி வாங்காமல் உழைத்தார்கள். 2023 ஆகஸ்ட்டில் டெராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் அதை பிஎஸ்எல் உரிமத்துக்கு மாற்றி, போட்டிச் சேவைகளுக்குக் கதவடைத்தது. மற்றவர்களின் நிரலையும் சேர்த்து அப்படி மாற்றும் அதிகாரம், ஒப்பந்தத்தின் பலத்தில், அந்த ஒரு நிறுவனத்திடம் மட்டுமே இருந்தது. அடுத்த ஏப்ரலில் ஹாஷிகார்ப்பை 640 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக ஐபிஎம் அறிவித்தது. திருத்தம் எழுதியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாக்குறுதிகளையும் பார்த்துவிட்டோம். அப்பாச்சி உரிமத்திலுள்ள நிரலின் உரிமத்தை ஒருபோதும் மாற்ற மாட்டோம் என்று 2018இல் சொன்ன எலாஸ்டிக், 2021 ஜனவரியில் மாற்றத்தை அறிவித்தது. இப்போது ஏஜிபிஎல் வந்திருப்பதால் ஏற்றத்தாழ்வு கூடியிருக்கிறது என்றே சொல்வேன். அந்த உரிமத்தின் கீழ் எடுத்துப் பயன்படுத்தும் நாம் அதன் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். நிறுவனம் மட்டும், நாம் அனுப்பிய வரிகளையும் சேர்த்து, நாளை மூடிய உரிமத்தில் விற்கலாம். சுதந்திரத்தைக் காக்க எழுதப்பட்ட உரிமம் இங்கே ஒரு நிறுவனத்தின் தனிச்சலுகைக்குக் காவல் நிற்கிறது.

சட்டச் சிக்கலைத் தவிர்க்கவே இந்த ஒப்பந்தம் என்கிறார்கள். லினக்ஸ் கருநிரல் 1992 முதல் ஜிபிஎல் உரிமத்தில் இப்படியோர் ஒப்பந்தம் இல்லாமலேயே வளர்ந்திருக்கிறது. அதன் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் பரவியிருப்பதால் அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே நினைத்தாலும் தனியாக உரிமத்தை மாற்ற முடியாது. இன்டெல், கூகுள், ஐபிஎம் ஊழியர்களும் அதற்கு எழுதுகிறார்கள். இந்த நிரலை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உறுதிகூறித் தன் பெயரை ஒரு வரியில் சேர்த்தால் அங்கே போதும்.