49-இல் எத்தனை?

மென்பொருளில் எந்தப் பகுதியில் பிழை இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச காலமாகச் சேர்த்துப் படிக்கிறேன். கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய் வருகிற நேரம் இதற்குத்தான் போகிறது. நம்ம ஊர்க் கல்லூரிகளிலிருந்து வருகிறவை பெரும்பாலும் ஒரே அச்சு: நாசாவின் பழைய தரவு அட்டவணை ஒன்று, அதன்மேல் புதுசாக ஒரு அல்காரிதம், கடைசியில் "துல்லியம் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம்".

அந்த அட்டவணைகளில் ஒன்று சிஎம்1. விண்கலக் கருவி ஒன்றுக்காக சி மொழியில் எழுதிய நிரல். மொத்தம் 498 பகுதிகள், அதில் பிழை கண்டவை 49. கண்ணை மூடிக்கொண்டு "எதிலும் பிழை இல்லை" என்று சொன்னாலே 449 சரியாகிவிடும். 90 சதவீதம்! ஒரு பிழையைக்கூடப் பிடிக்காமலே. ஆக, அந்த 49-இல் எத்தனையைப் பிடித்தது, அதற்காக எத்தனை நல்ல பகுதிகளை வீணாகத் திறக்க வைத்தது என்ற இரண்டு எண்ணும் இல்லாத கட்டுரையை அத்தோடு மூடிவிடுவேன்.

தரவிலேயே கோளாறு என்பதும் புதுச் செய்தி இல்லை. மார்ட்டின் ஷெப்பர்டும் கூட்டாளிகளும் 2013-லேயே எழுதிவிட்டார்கள்: ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது, நடக்கவே முடியாத மதிப்புகள் இருக்கின்றன, ஒரே பெயரில் வேறு வேறு பதிப்புகள் உலவுகின்றன. பயிற்சியில் இருக்கும் வரியே சோதனையிலும் வந்தால் அது கணிப்பா? வினாத்தாள் முன்னாடியே கையில் கிடைத்த கதைதான்.

இதற்கு நேர் எதிர், நாச்சியப்பன் நாகப்பன் மைக்ரோசாஃப்டில் செய்த வேலை. 2005-இல் தாமஸ் பாலுடன் விண்டோஸ் சர்வர் 2003-ஐ ஆராய்ந்தார். எத்தனை வரி மாறியது என்ற எண் தனியாக அவ்வளவு உதவாது, பகுதியின் அளவோடு ஒப்பிட்டால்தான் பேசும் என்று காட்டினார். 2008-இல் மர்ஃபி, பசிலியுடன் சேர்ந்து விஸ்டாவில் இன்னும் ஒரு படி போனார். ஒரு பகுதியை எத்தனை பேர் தொட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், மற்றவர்கள் எந்தெந்த மேலாளர்களுக்குக் கீழே சிதறிக் கிடந்தார்கள் என்று எண்ணினார்கள். நிரலின் சிக்கலை அளக்கும் வழிகளைவிட இது நன்றாகக் கணித்தது. எனக்குப் பிடித்த கட்டுரை இதுதான்.

ஆனாலும் அதை அப்படியே எங்கள் பக்கம் கொண்டுவர முடியாது. மைக்ரோசாஃப்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிவு இருந்தது. இங்கே ஒரு ரோலிங் மில்லில் பிஎல்சி புரோகிராமை மாற்றுவது எப்படி? சர்வீஸ் இன்ஜினியர் பேனல் பக்கத்தில் நின்றபடியே லேப்டாப்பில் மாற்றிவிட்டுப் போவார். பழைய பதிப்பு அந்த லேப்டாப்போடு போய்விடும். கம்பெனி மாறினால் அவரும் போய்விடுவார். நாகப்பன் எண்ணிய "விட்டுப் போனவர்" இவர்தான், ஆனால் எண்ணத்தான் ஏடு இல்லை. அந்த புரோகிராம் தப்பாக ஓடினால் திரையில் பிழைச் செய்தி வந்து நிற்காது. சிவக்கச் சூடான கம்பி உருளையை விட்டு வெளியே பாயும், பக்கத்தில் ஆள் நிற்பார்.

இருக்கிற ஒரே சாட்சி பராமரிப்பு ரிஜிஸ்டர். "சென்சார் பிராப்ளம், சரி செய்யப்பட்டது" என்று ஒரு வரி, தேதி, ஷிஃப்ட், கையெழுத்து. ஒரே இயந்திரத்துக்கு ஒரே "சென்சார் பிராப்ளம்" மூன்று மாதத்தில் ஐந்து தடவை வந்தால் சென்சாரையா சந்தேகிப்பீர்கள், புரோகிராமையா?

கணிப்பில் புராஜெக்ட் தேடும் மாணவர்கள் சிஎம்1-ஐ விட்டுவிட்டு இந்த ரிஜிஸ்டர்களுக்கு வரலாம். கேட்டு வாங்கித்தர என்னால் ஆனதைச் செய்கிறேன். கையெழுத்து கொஞ்சம் மோசமாக இருக்கும், கிரீஸ் கறையும் உண்டு.