கூர்ப்பும் பொறியியலும்: றெக்கன்பேர்க்கின் ஆய்வு பற்றிய ஒரு நோக்கு

யேர்மனிய ஆய்வாளர் இங்கோ றெக்கன்பேர்க்கின் 'கூர்ப்பு உபாயம்' என்னும் பொருள்படும் நூல் 1973 இல் வெளிவந்தது. பேர்ளின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவர் கலாநிதிப் பட்டத்துக்கென மேற்கொண்ட ஆய்வே அதன் அடிப்படை. உயிரினக் கூர்ப்பின் விதிகளைக் கொண்டு பொறியியற் சாதனங்களைச் செம்மைப்படுத்தலாம் என்பது நூலின் வாதம். அஃது எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயற்பாலது.

1964 இல் நிகழ்ந்த காற்றுச் சுரங்கப் பரிசோதனையே இவ்வாய்வின் தொடக்கம். ஆறு தகட்டுத் துண்டுகள் ஐந்து மூட்டுகளால் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு மூட்டையும் 51 நிலைகளில் நிறுத்தலாம். ஆகவே இயலத்தக்க வடிவங்கள் 34 கோடிக்கும் மேற்பட்டவை. மூட்டுகள் எழுமாறாகச் சிறிது மாற்றப்பட்டன. காற்றின் தடை குறைந்தால் புதிய வடிவம் ஏற்கப்பட்டது; குறையாவிடின் பழையதே மீட்கப்பட்டது. சில நூறு முயற்சிகளில், மடிந்திருந்த தகடு ஏறக்குறையத் தட்டையாயிற்று.

தட்டை வடிவின் சிறப்பு முன்னரே தெரிந்ததன்றோ எனச் சிலர் வினவக்கூடும். விடை தெரிந்த வினாவைக் கொண்டு முறையைச் சோதித்தமை ஆய்வின் நேர்மையையே காட்டுகின்றது.

குறை வேறிடத்தில் உள்ளது. இயற்கைத் தேர்வுக்கு முன்வகுத்த இலக்கு இல்லை. இப்பரிசோதனையிலோ எது சிறந்தது என்பதை ஆய்வாளரே முன்கூட்டி வகுத்துவிடுகின்றார். டார்வின் 1859 இல் வெளியிட்ட நூலின் முதல் அதிகாரத்திற் பேசப்படும் புறா வளர்ப்போனின் செயலுக்கே இஃது அண்மையானது. மேலும், இங்கு குடித்தொகை இல்லை. ஒரு தாயும் ஒரு சேயுமே உண்டு. ஐந்து முயற்சிகளுள் ஒன்றுக்கு மேல் வெற்றி தருமாயின் மாற்றத்தின் அளவைப் பெருக்குக, குறையின் சுருக்குக என்னும் புகழ்பெற்ற விதியும் கணித மாதிரிகளிலிருந்து பெறப்பட்டதேயன்றி உயிரினங்களை அவதானித்துப் பெறப்பட்டதன்று.

அவருடன் பணியாற்றிய ஹான்ஸ்-பவுல் ஷ்வேபல், 1960களின் பிற்பகுதியில், கொதிநீர் ஆவியாகிச் சீறும் குழாய்முனை ஒன்றை இம்முறையாற் செம்மைப்படுத்தினார். துளை வேறுபட்ட உலோக வளையங்களை மாற்றி மாற்றி அடுக்கியபோது, எவரும் எதிர்பாராத புடைப்புகளுடன் கூடிய வடிவம் தோன்றிற்று. வினைத்திறனும் பெரிதும் உயர்ந்தது. முறையின் வலிமையையும் எல்லையையும் இவ்வடிவமே ஒருங்கு காட்டுகின்றது. 'எது' என்பதற்கு அது விடை தருகின்றது. 'ஏன்' என்பதற்குத் தருவதில்லை.

கூர்ப்பு என்னும் உவமை இம்முறைக்குக் கவர்ச்சியை அளித்தது. அதற்கு நம்பகத்தை அளித்தது அளவீடே. உவமையைச் சான்றாகக் கொள்வோர் 'ஏன்' என்னும் வினாவை எளிதில் மறந்துவிடுவர். பரிசோதனை முடிந்த இடத்திலேயே விளக்கம் தேடும் கடமை தொடங்குகின்றது.