‘நினைவுச் சின்னம்’ என்று தேடினால்: இணையக் கட்டுரைத் தலைப்புகள் குறித்து

சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றி மலேசியத் தமிழில் எழுதப்பட்ட இரண்டு நாவல்கள் உடனே நினைவுக்கு வரும். ஒன்று ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. மற்றது அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’. 1942–43இல் ஜப்பானியர்கள் போட்ட ஏறக்குறைய 415 கிலோமீட்டர் பாதை அது. தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இரண்டு நாவல்களுக்கும் களம் ஒன்றுதான். ஆனால் தேடுபொறியின் முன்னால் இரண்டின் நிலைமையும் ஒன்றல்ல. முதல் நாவலின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ‘நினைவுச் சின்னம்’ என்று தட்டினால் தாஜ்மகாலும் வரலாம், ஊர்ச் சந்தியில் நிற்கும் சிலையும் வரலாம்.

இதற்காக ரெங்கசாமி வேறு பெயர் வைத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். நாவலுக்குப் பெயர் வைப்பது எழுத்தாளரின் உரிமை. அந்த நாவலைப் பற்றிய கட்டுரை தேடுகிறவர் கண்ணில் படும்படி செய்வது விமர்சகரின், இதழாசிரியரின் வேலை. அந்த வேலையைத்தான் நாம் செய்வதில்லை.

நம் இணையக் கட்டுரைகளின் தலைப்புகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். மௌனம், நிழல், வெளி, விரிசல். இவை தீர்ந்தால் ‘சில குறிப்புகள்’. எந்த நூல், யார் எழுதியது, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. கேட்டால், “இலக்கியம் என்ன கடைச் சரக்கா? கூகிளுக்காகவா எழுதுறோம்?” என்று பதில் வரும். வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே நம்மைத் தெரிந்த ஐம்பது பேருக்கு மட்டும் எழுதினால் போதும் என்பதே அதன் பொருள்.

எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். ‘சிறந்த தமிழ் நாவல், மலேசியத் தமிழ் நாவல், தமிழ் நாவல் விமர்சனம்’ என்று சொற்களைத் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கூகிளே இதை வேண்டாம் என்கிறது. வாசகருக்கும் தலைப்பைப் பார்த்ததும் நம்பிக்கை போய்விடும்.

இந்தச் சண்டையே தேவையில்லை லா. ஒரு பக்கத்துக்கு இருப்பது ஒரே தலைப்பு அல்ல. கட்டுரைக்கு மேலே பெரிய எழுத்தில் படிப்பது ஒன்று. நிரலில் ‘டைட்டில்’ என்ற குறிக்குள் இருந்துகொண்டு, உலாவியின் தாவலிலும் பெரும்பாலும் தேடல் முடிவிலும் தெரிவது இன்னொன்று. பல தளங்களில் முதலாவதை எழுதினால் இரண்டாவது அதையே எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டையும் தனித்தனியாக எழுத முடியும். மேலே ‘கல்லில் இல்லாத பெயர்கள்’ என்று இருக்கட்டும். டைட்டிலில் ‘அ. ரெங்கசாமியின் நினைவுச் சின்னம்: சயாம் மரண ரயில் நாவல் விமர்சனம்’ என்று போடுங்கள். கவித்துவமும் கெடவில்லை, வழியும் அடைபடவில்லை.

நாம் போடுவதைக் கூகிள் அப்படியே காட்டும் என்ற உத்தரவாதம் கிடையாது. 87 விழுக்காடு முடிவுகளில் டைட்டில் குறியைப் பயன்படுத்துவதாக அது 2021இல் சொன்னது. மற்றவற்றில் பக்கத்தின் வேறு சொற்களை அதுவே எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஒழுங்காக நாம் பெயர் வைக்காவிட்டால் இயந்திரம் வைக்கும்.

‘அறுபது எழுத்துக்குள் முடி’ என்பது ஆங்கிலத்துக்குச் சொன்ன கணக்கு. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறிகள். கூகிள் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவில்லை. திரையின் அகலம் பார்த்து வெட்டுகிறது. நம் எழுத்துகளோ அகலமானவை. எனவே நூலும் ஆசிரியரும் முன்னால் வரட்டும், இதழின் பெயர் கடைசியில் நிற்கட்டும். ரெங்கசாமி, ரங்கசாமி, மலேசியா, மலேஷியா என்று எழுத்து மாறுகிற இடத்தில் நூலில் உள்ளதைத் தலைப்பில் வையுங்கள்.

இதில் விமர்சகருக்கு ஒரு சோதனையும் இருக்கிறது. எந்த நூலைப் பற்றி, என்ன சொல்கிறோம் என்பதை ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் கோளாறு தலைப்பில் இல்லை, கட்டுரையில்தான்.

கொள்ளுத்தாத்தா சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்று வீட்டில் கேள்விப்பட்ட ஒரு பிள்ளை, கைப்பேசியில் ‘நினைவுச் சின்னம்’ என்று தட்டப்போவதில்லை. ‘சயாம் மரண ரயில்’ என்றுதான் தட்டும். அங்கிருந்து அது ரெங்கசாமியிடமும் வந்து சேர வேண்டும்.