கொய்த கூந்தலும் நரைத்த கூந்தலும்: புறநானூற்று மகளிரும் பம்பாய் நாவிதர் மறுப்பும்

மகளிர் கூந்தல் குறித்த இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் அழகு, மணம், ஒப்பனை என்னும் எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. ஐம்பால், ஓதி, கதுப்பு, குழல், கூழை எனச் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்குரிய உவமைகளை நிரல்படுத்துவதோடு அவை அமைந்துவிடுகின்றன. பெண் மூப்படையும்போது அக்கூந்தல் என்னவாகிறது, அதன் நீளத்தை வரையறுப்பவர் யார் என்னும் வினா எழுவது அரிது. இது ஏட்டளவில் நிற்கும் வினாவும் அன்று. தாராவி, மாதுங்கா, செம்பூர் தொடங்கி உல்லாஸ்நகர் வரை தமிழர் பிறமொழியாளரோடு கலந்து வாழும் பகுதிகளில், முதியவள் ஒருத்தி தன் முடியைக் குறைத்துக்கொண்டால் அண்டை வீட்டார் அதனை வசதி எனக் கொள்ளலாம். ஊரிலிருந்து வரும் உறவினர் கண்ணுக்கோ அது வேறொன்றை நினைவூட்டலாம். அந்த 'வேறொன்று' எங்கிருந்து வந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பருவமும் கூந்தலும்

பெண்ணின் வளர்ச்சியைக் கூந்தலைக் கொண்டு அளக்கும் மரபு சங்கப் பாடல்களிலேயே உண்டு. அகநானூற்று 315ஆம் பாடலில், உடன்போக்கில் சென்ற மகளை நினைந்து வருந்தும் தாய், மகளின் குறுங்கூந்தல் நெறிபடத் தொடங்கியதைப் பருவமாற்றத்தின் முதல் அடையாளமாகச் சுட்டுகிறாள். ஆயினும், அறியாமையால் மகளைக் காவலில் வைக்கவில்லை என அவள் வருந்துகிறாள். பின்னாளில் உலா இலக்கியம் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் வகுத்தது. பாட்டியல் நூல்கள் ஆண்டுக் கணக்கில் சிறிது வேறுபடினும், பேரிளம்பெண்ணின் எல்லை பொதுவாக நாற்பது எனப்படுகிறது. நாற்பதைக் கடந்தவளுக்கு உலாவில் பெயரும் இல்லை, தெருவில் நிற்க இடமும் இல்லை. அவளுடைய கூந்தலைக் காண வேண்டுமாயின் புறத்திணைக்கே செல்ல வேண்டியுள்ளது.

நரைத்த கூந்தல்

புறநானூறு 277இல் பூங்கண் உத்திரையார் பாடும் முதியவளின் நரை, கொக்கின் தூவியோடு ஒப்பிடப்படுகிறது. யானையை வீழ்த்தித் தானும் களத்தில் வீழ்ந்த மகனைப் பற்றிக் கேட்டு, அவனை ஈன்ற நாளினும் பெரிதாக உவக்கும் தாய் அவள். 159இல் பெருஞ்சித்திரனார் தம் தாயைக் குமணனுக்கு அறிமுகப்படுத்துகிறார். உயிர் போகவில்லையே எனப் புலம்பியவாறு, கோலைக் காலாகக் கொண்டு நடந்து, முன்றிலைத் தாண்டாத முதியவள் அவள். அவளது தலைமுடி விரித்த நூலுக்கு உவமிக்கப்படுகிறது. முன்னவளுக்குக் கூந்தல், பின்னவளுக்குக் கதுப்பு என இளமகளிர்க்கு வழங்கும் அதே சொற்களைப் புலவர்கள் ஆளுகின்றனர். நிறம் மாறியுள்ளதே அன்றிப் பெயர் மாறவில்லை. குறைக்கப்பட்டதாகவோ மழிக்கப்பட்டதாகவோ குறிப்பும் இல்லை. இவ்விருவருடைய கணவரும் உயிரோடு இருந்தனரா என்பதைப் பாடல்கள் கூறவில்லை. தாயாகப் பாடப்படும்போது அவ்வினாவே எழவில்லை என்பது கருதத்தக்கது.

கொய்த கூந்தல்

கூந்தல் களையப்படும் இடங்கள் வேறு. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைக் கல்லாடனார் பாடிய 25ஆம் பாடலில், பகைவரின் மனைவியர் கைம்மையுற்றுக் கூந்தல் கொய்வதைக் கண்ட பின்னரே அவனது வேல் ஓய்கிறது. தாயங்கண்ணியார் பாடிய 250இல், வள்ளல் இறந்த இல்லத்தில் மனைவி கூந்தல் கொய்து, வளை நீக்கி, அல்லியரிசி உண்டு வாழ்கிறாள். ஆவூர் மூலங்கிழாரின் 261இல், தலைவனை இழந்து பொலிவற்ற இல்லமே அணியிழந்த கைம்பெண்ணுக்கு ஒப்பாகிறது. எனவே கைம்மைக் கூந்தல் களைவு முழுவதும் பிற்காலத்து அயல் வழக்கு என்னும் கூற்று ஏற்புடையதன்று. அதனைத் தமிழர்தம் பொது வழக்கு எனக் கொள்வதும் பொருந்தாது. இப்பாடல்கள் வேந்தர், குறுநிலத் தலைவர், வள்ளல்கள் இல்லங்களைச் சார்ந்தவை. மேலும், கைம்மை நோன்பின் துன்பங்களை விரிவாகக் கூறும் பெருங்கோப்பெண்டின் 246ஆம் பாடலில் உணவும் படுக்கையும் பேசப்படுகின்றன, கூந்தல் பேசப்படவில்லை.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கவை. ஒன்று, 25இல் கொய்யப்படுவது ஆற்றின் அறல்மணலோடு ஒப்பிடத்தக்க இளங்கூந்தல் என்பது. கூந்தல் களைவு மூப்போடு தொடர்புடையதாகப் பாடப்படவில்லை. மற்றொன்று, வினைச்சொல். தினையும் பூவும் கொய்யப்படுவன. கொய்தது மீண்டும் தழைக்கும். மழித்தல் அவ்வாறன்று, வளருந்தோறும் கத்தி திரும்ப வரவேண்டும். (மழித்தல், நீட்டல் இரண்டையும் வேண்டா எனத் தள்ளும் 280ஆம் குறளும் துறவியரை நோக்கியதே.) 261இல் இரு வினைகளும் ஒரே தொடரில் இணைவதால், இவ்வேறுபாட்டை எல்லா இடத்தும் வற்புறுத்த இயலாது. ஆயினும், கொய்தல் என வரும் இடமெல்லாம் வாழ்நாள் முழுவதும் தொடரும் மழிப்பு எனப் பொருள் கொள்வதற்குப் பாடல்களில் சான்று இல்லை.

அப்பொருள் பதிப்புக் காலத்தில் வலுப்பெற்றிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. உ.வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு 1894இல் வெளிவந்தது. அதனை முதலில் கையிலெடுத்த கற்றோர் பலரின் இல்லங்களில் தலை மழிக்கப்பட்ட கைம்பெண்கள் வாழ்ந்தனர். பத்து, பன்னிரண்டு வயதில் கைம்மையுற்றவளும் மொட்டைத் தலையும் முக்காடுமாக ஒரே நாளில் கிழவியாக்கப்பட்டாள். நரை காலத்தால் வருவது. மழிப்போ, வாராத மூப்பை வந்ததாகக் காட்டியது. சங்கப் பாடல்கள் தனித்தனியே வைத்திருந்த முதியவளும் கைம்பெண்ணும் இங்கு ஒருத்தியே ஆகிவிட்டனர்.

பம்பாய், 1890

கூந்தலைக் கொய்த கை யாருடையது என்பதை மேற்கண்ட பாடல்கள் எதுவும் கூறவில்லை. இலக்கியம் மறைத்துச் சென்ற அக்கை வரலாற்றில் வெளிப்பட்ட இடம் பம்பாய். புறநானூறு அச்சேறுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1890இல், பம்பாய் நாவிதர்கள் கூடிக் கைம்பெண்களின் தலையை மழிப்பதில்லை என முடிவெடுத்தனர். சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்தவரும், பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்குச் சங்கம் கண்டவருமான நாராயண் மேகாஜி லோகண்டே இதில் முன்னின்றார். சீர்திருத்தம் பேசிய படித்தோர் சாத்திரம் இடந்தருமா என வாதிட்டிருந்த காலத்தில், கத்தி பிடித்தவர் கத்தியைக் கீழே வைத்தார் என்பதே இந்நிகழ்ச்சியின் சிறப்பு. மழிப்பு என்பது நோன்பாயின் நாவிதரின் மறுப்பு பொருளற்றது. அது பிறர் உழைப்பைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட தண்டனை ஆதலின் அம்மறுப்புக்கு வலிமை இருந்தது. மகளிர் எழுத்து வரலாற்றைப் பேசும் தமிழ் நூல்கள் இந்நிகழ்ச்சியைப் போதிய அளவு கவனித்ததாகக் கூறமுடியாது. பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் சாரதா சதனைத் தொடங்கியதும் இச்சூழலிலேயே.

சென்னையில் இம்மறுப்பு வேறு வடிவம் கொண்டது. குழந்தைப் பருவத்தில் கைம்மையுற்ற சகோதரி சுப்புலட்சுமியின் தலையை மழிக்க அவர்தம் பெற்றோர் உடன்படவில்லை. அவர் 1911இல் பட்டம் பெற்றார். பின்னர்க் கைம்பெண்களின் கல்விக்கு இல்லம் கண்டார். ஒரு குடும்பத்தின் மனவுறுதி அது. பம்பாயில் நிகழ்ந்தது ஒரு தொழிற்பிரிவினரின் கூட்டு முடிவு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது.

குறைந்த முடியின் இரு பொருள்

சுயமரியாதை இயக்கம் இவ்வழக்காற்றை மறுமுனையிலிருந்து அணுகியது. ஆண்களைப் போலவே பெண்களும் 'கிராப்பு' வைத்துக்கொள்ள வேண்டும் எனப் பெரியார் வலியுறுத்தினார். நீண்ட கூந்தல் பெண்ணின் நேரத்தையும் உழைப்பையும் கொள்ளும் சுமை என்பது அவர் வாதம். அவ்வழைப்பு இளம்பெண்ணின் செவியில் விடுதலையாக ஒலித்திருக்கலாம். மொட்டைப் பாட்டியரைக் கண்டு வளர்ந்த முதியவளுக்கோ, குறைந்த முடி விடுதலையாகத் தோன்றுவது எளிதன்று. ஒரே நீளம் ஒருத்திக்கு உரிமையாகவும் மற்றொருத்திக்கு இழப்பாகவும் பொருள்படுகிறது. பழனியிலும் திருப்பதியிலும் முடி காணிக்கை செலுத்தும் முதியவளை எவரும் இரங்கிப் பார்ப்பதில்லை. ஆகவே அச்சம் முடியின் அளவு பற்றியதன்று; களைந்த காரணம் பற்றியது.

மும்பைத் தமிழ் முதுமகளிர் பலர், முடி உதிர்ந்து மெலிந்த பின்னரும் எலுமிச்சையளவு கொண்டை ஒன்றை விடாது வைத்திருப்பதை இப்பின்னணியில் நோக்கலாம். அதனைப் பழமைப் பற்று என ஒதுக்கிவிடுவது மேலோட்டமான முடிவு. மழிக்கப்பட்ட தலைமுறையின் பேத்திகள், தம் தலையில் எவர் கையும் படவில்லை என்பதற்கு வைத்திருக்கும் சான்றாகவும் அதனைக் கொள்ள இடமுண்டு. மும்பையில் 1988இல் நிறுவப்பட்ட 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகம் மகளிரின் வாய்மொழி வரலாறுகளைத் தொகுத்து வருகிறது. அம்முறையில், மாதுங்கா இல்லங்களில் நார்மடி உடுத்த பாட்டியரைக் கண்டவர்களிடமும், அவ்வழக்கமே இல்லாத சாதிகளிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் முதியவர்களிடமும் தனித்தனியே கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். பின்னவர்களிடையே கொண்டைக்கு இதே பொருள் இல்லையெனின், மேற்கூறிய கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.